வாய் கோணியதும் கொடுக்கும் அரை டம்ளர் தண்ணீர்

ஒருவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கை துவண்டு, பேச்சு குழறினால் நம் வீடுகளில் முதலில் நடப்பது ஒன்றுதான். யாராவது ஓடிப்போய் அரை டம்ளர் தண்ணீர் கொண்டுவருவார்கள். சில வீடுகளில் அது சோடா, சில வீடுகளில் சர்க்கரைத் தண்ணீர். பாசத்தில் செய்வதுதான். ஆனால் பக்கவாதம் தாக்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்த நேரத்தில் விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்வதில்லை. வாயில் ஊற்றியது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். மூன்றாம் நாள் காய்ச்சலும் சளியுமாக நிமோனியா வந்து நிற்கும்போது அந்த அரை டம்ளர் யாருக்கும் நினைவில் இருக்காது.

மூளைக்கு நேர்ந்த சேதம் ஒரு பங்கு என்றால், அதற்குமேல் வீட்டார் கையால், தெரியாமல் சேரும் சேதம் இன்னொரு பங்கு. முதல் பங்கை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே அதிகம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டுகிற அவசரத்தில், பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிற விஷயங்கள் இவை. யார் காதிலும் ஏறுவதில்லை.

முதல் ஒரு மணி நேரம்

வாய்வழியாக எதுவும் வேண்டாம். தண்ணீர் மட்டுமல்ல, மாத்திரையும்தான். நெஞ்சுவலிக்குக் கொடுக்கிற ஆஸ்பிரினை இதற்கும் கொடுத்துவிடுகிறார்கள். பக்கவாதத்தில் இரண்டு வகை உண்டு: மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது, இல்லையென்றால் வெடித்து ரத்தம் கசிவது. அடைப்புதான் பெரும்பான்மை. ஆனால் வந்திருப்பது எது என்று ஆளைப் பார்த்து எந்தப் பெரிய டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, சிடி ஸ்கேன்தான் சொல்லும். கசிவு இருப்பவருக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் கசிவு கூடலாம். நாக்குக்கடியில் வைக்கிற நெஞ்சுவலி மாத்திரையோ பிரஷரைச் சடாரென்று இறக்கி, அடைப்புக்கு அந்தப்பக்கம் தவித்துக்கொண்டிருக்கும் மூளைக்குக் கிடைத்துவந்த கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும்.

விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்கிற வாட்ஸ்அப் செய்தி வருடாவருடம் சுற்றுகிறது. விழுந்த கை காலில் புறா ரத்தத்தைத் தேய்ப்பதும் இன்னும் நடக்கிறது. இவற்றால் நேரடியாக வரும் கெடுதலைவிட, போகிற நேரம்தான் பெரிய நஷ்டம். பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கும். புறா பிடிக்க ஆள் அனுப்பி அவர் திரும்பிவருகிற நேரத்தை இதால் பெருக்கிப் பாருங்கள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதிலும் முன்னால் போடப் போட நல்லது. கடிகாரம் ஓடத் தொடங்குவது நீங்கள் பார்த்து அலறிய நேரத்திலிருந்து அல்ல. அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து. காலை 6 மணிக்கு எழும்போதே கை வரவில்லை, ராத்திரி 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால், கணக்கு 10 மணியிலிருந்து. நடுவில் 3 மணிக்கு எழுந்து பாத்ரூம் போனதை யாராவது பார்த்திருந்தால் அதைச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலால் சிகிச்சையே மாறலாம். நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளவும் வேண்டாம். பெரிய குழாய் அடைப்பில், தொடை வழியாகக் குழாய் விட்டு ரத்தக்கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையை, அதற்கு ஏற்றவர்கள் என்று டாக்டர்கள் முடிவு செய்யும் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள்.

108-க்குப் பேசும்போது "மயக்கமாக இருக்கிறார்" என்று பொதுவாகச் சொல்லாமல், "வாய் கோணிவிட்டது, வலது கை தூக்க முடியவில்லை, இத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்" என்று சொல்லுங்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி என்பதில்தான் பலருக்கு நேரம் கரைகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் சிடி ஸ்கேனும், அடைப்பைக் கரைக்கும் ஊசி போடும் வசதியும் உள்ள இடம் உங்கள் ஊரிலிருந்து எது என்பதை, வீட்டில் யாருக்காவது பிரஷரோ சுகரோ இருந்தால், இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

சுகர் பார்க்கும் மெஷின் இருந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒருமுறை பாருங்கள். இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கினால் அச்சு அசல் பக்கவாதம் போலவே கை கால் விழும், பேச்சு குழறும். அப்படி இருந்தாலும் விழுங்க முடியாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆம்புலன்சில் வருபவரிடம் அளவைச் சொன்னால் அவர் நரம்பில் ஏற்றுவார். அரைமயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, டீ குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார் என்றால்? அதுவும் பக்கவாதத்தின் முன்னோட்டம்தான். முழுத் தாக்குதல் வரும் அபாயம் அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். சரியாகிவிட்டதால் பயப்பட வேண்டாம் என்று நினைத்துத் திரும்பிப்போகிறவர்களை நினைத்தால்தான் எங்களுக்கு அதிக வருத்தம். தடுத்திருக்கக்கூடிய நேரம் அதுதானே.

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கமான சண்டை: "பிரஷர் 190 இருக்கிறது, டாக்டர் ஒன்றுமே கொடுக்கவில்லை." அடைப்பு வகையில், கரைக்கும் ஊசி போடாதவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் 220/120 வரைகூடப் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். ஏற்கெனவே ரத்தம் போதாமல் இருக்கும் பகுதிக்குத் தள்ளுகிற அழுத்தம் தேவை. ஊசி போடுவதென்றால் 185/110-க்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் போடுவார்கள். கசிவு வகையில் நேர்மாறாக, சீக்கிரமே இறக்கப் பார்ப்பார்கள். டாக்டர் மறந்துவிட்டார் என்று நினைத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரஷர் மாத்திரையை நைசாகக் கொடுத்துவிடாதீர்கள்.

கஞ்சியும் டியூபும்

வார்டில் முதல் உணவுக்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி: "விழுங்குவதைச் சோதித்துப் பார்த்தாயிற்றா?" நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இருமல் வருகிறதா, குடித்தபின் பேசும்போது தொண்டையில் தண்ணீர் களகளக்கிற மாதிரிக் குரல் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். இருமாமலே உள்ளே இறங்குவதும் உண்டு. அதனால் இருமல் வரவில்லை என்பதை மட்டும் நம்ப முடியாது.

விழுங்க முடியும், ஆனால் கவனம் வேண்டும் என்று சொல்லிவிட்டால், நம் சாப்பாட்டில் மிக ஆபத்தானது ரசம் சாதம். உடம்பு சரியில்லாதவருக்கு முதலில் கொடுப்பதே அதுதான் என்பது வேறு விஷயம். தண்ணீரும் பருக்கையும் தனித்தனியாக நடந்துகொள்ளும். பருக்கையை நாக்கு சமாளித்துக்கொண்டிருக்கும்போதே ரசம் ஓடிப்போய்த் தொண்டைக்குள் இறங்கிவிடும். தண்ணீர், மோர், டீ போல ஓடுகிறவையும் கஷ்டம். பொரி, புட்டு, பிஸ்கட் தூள் போல உதிர்கிறவையும் கஷ்டம். ஒரே பதமாக, ஸ்பூனைச் சாய்த்தால் மெதுவாக வழுக்கி விழுகிற மாதிரி இருக்க வேண்டும். மிக்ஸியில் மசித்த இட்லி சாம்பார், குழைய வேகவைத்துத் தயிர் சேர்த்து அடித்த சாதம், கெட்டியான ரவைக் கஞ்சி, மசித்த வாழைப்பழம் எல்லாம் சரிவரும். எந்தக் கெட்டி உங்கள் ஆளுக்கு ஏற்றது என்பதைச் சோதித்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கையில் சாய்த்து வைத்து ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றே நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி, அரை ஸ்பூன் மட்டும், நல்ல பக்கத்துக் கன்னத்தில். விழுங்கினாரா என்று தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். டிவியை அணைத்துவிடுங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் பலவீனமான பக்கத்துக் கன்னத்துக்குள் பாருங்கள். உணர்ச்சி இல்லாததால் அங்கே ஒரு கவளம் அப்படியே தங்கியிருக்கும், படுத்தபின் அது மெல்ல இறங்கும். பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும்.

மூக்குவழி டியூப் போட்டு அனுப்பினால், மூக்கு ஓரத்தில் டியூபின் மேல் ஒரு மார்க்கர் கோடு போட்டுவையுங்கள். ஒவ்வொரு முறையும் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தபிறகே ஊற்றவேண்டும். பாதி வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ளவே தள்ளாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடலாம். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். சிரிஞ்சின் அழுத்தியைக் கழற்றிவிட்டு, வெறும் குழலைப் பிடித்து ஊற்றினால் தானாக இறங்கும். ஒரு வேளைக்கு 200 மில்லி அளவில், கால் மணி நேரத்துக்குக் குறையாமல். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். அவசரத்தில் அழுத்தித் தள்ளினால் வாந்தி, வாந்தியிலிருந்து நிமோனியா.

டியூப் அடைத்துக்கொள்வதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று ராகிக் கஞ்சி. ஊற்றும்போது நீர்க்க இருக்கும், ஆறியதும் டியூபுக்குள் களியாகிவிடும். நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, இளஞ்சூட்டில் ஊற்றுங்கள். இன்னொன்று எல்லா மாத்திரையையும் சேர்த்துப் பொடித்துக் கஞ்சியில் கலப்பது. ஒவ்வொன்றையும் தனியாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நடுவில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். மெதுவாகக் கரைகிற வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது; நாள் முழுவதுக்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். மருந்துக்கடைக்காரரிடம் சீட்டைக் காட்டி எதெது அப்படி என்று கேட்டு, மாற்று உண்டா என்று டாக்டரிடம் பேசுங்கள்.

டியூப் இருக்கிறதே, வாயால் எதுவும் சாப்பிடவில்லையே என்று வாயைக் கழுவாமல் விட்டுவிடுகிறார்கள். எச்சிலும் உள்ளேதான் இறங்குகிறது. கழுவாத வாயில் கிருமி பெருகி, அது நுரையீரலுக்குப் போகிறது. தினம் இரண்டு மூன்று முறை மென்மையான பிரஷாலோ, விரலில் சுற்றிய ஈரத்துணியாலோ துடைத்துவிட வேண்டும்.

தோள்பட்டை

ஆறு வாரம் கழித்து வலியால் ராத்திரி தூங்க முடியாமல் அழுகிறவர்களில் பலருக்கு வலி தோளில். அதில் ஒரு பங்கு நாமே செய்து வைத்தது.

தோள் மூட்டு ஆழமில்லாத குழியில் உட்கார்ந்திருக்கும் பந்து. அதைப் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள தசைகள்தான். தசை விழுந்துவிட்டால், 60 கிலோ ஆளுக்குச் சுமார் 3 கிலோ இருக்கும் கை, அந்தப் பந்தைக் கீழே இழுத்துக்கொண்டே தொங்கும். தோள் எலும்பின் முனைக்குக் கீழே விரல் நுழைகிற அளவு பள்ளம் தெரியும். அந்த நிலையில் "எழுந்திருங்கப்பா" என்று கையைப் பிடித்து ஒரு இழுப்பு. அல்லது இரண்டு பேர் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து ஒரு தூக்கு. கிழிவதும் அழற்சி வருவதும் அதில்தான்.

விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று எழுதி கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள். பார்க்க வருகிற உறவினருக்கும் சேர்த்து. எழுப்புவதற்கு வழி வேறு: முழங்காலை மடக்கி, ஒருக்களிக்கத் திருப்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, ஒரு கை தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், ஒரு கை இடுப்பில் வைத்து நிமிர்த்துங்கள். நிற்க வைக்க, இடுப்பில் அகலமான பெல்ட்டோ நன்றாக முறுக்கிய துண்டோ கட்டி அதைப் பிடியுங்கள். நாற்காலி நல்ல பக்கத்தில் இருக்கட்டும். நடக்கும்போது நீங்கள் பலவீனமான பக்கத்தில். படியேறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் பலவீனமான கால்.

படுத்திருக்கும்போது கை முழுவதும் தலையணை மேல். உட்கார்ந்தால் மடியில் தலையணை வைத்து அதன்மேல். தூளி மாதிரிக் கழுத்தில் மாட்டும் துணி நிற்கவும் நடக்கவும் மட்டும். நாள் முழுக்க மாட்டினால் கை மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். சட்டை போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில்.

கப்பியில் கயிறு கட்டி நல்ல கையால் விழுந்த கையை மேலே இழுக்கும் பயிற்சியைச் சிலர் வீட்டு உத்தரத்தில் மாட்டிவிடுகிறார்கள். கை மட்டும் ஏறும், தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாது, நடுவில் தசைநார் நசுங்கும். வேண்டாம். ரப்பர் பந்து விஷயத்திலும் எங்கள் கருத்து அதேதான். விரல் ஏற்கெனவே மடங்கி இறுகத் தொடங்கியவருக்கு இன்னும் மடக்கப் பழக்குவதால் என்ன பயன்? அவருக்குத் தேவை விரித்துவிடுவது: டம்ளரைப் பிடித்து விடுவது, மேசைமேல் துணியைத் தள்ளித் துடைப்பது. பெரும்பங்கு முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் தெரியும், ஆறு மாதம் வரை நன்றாகவே தொடரும், அதற்குப்பிறகும் நின்றுவிடாது. ஆனால் முதல் நாளிலேயே நடக்கவைத்துவிட வேண்டும் என்ற அவசரமும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிக நேரம் எழுப்பி நடமாட வைத்தவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது என்று 2015-இல் வந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு காட்டியது. சின்னச் சின்னதாக, பலமுறை என்பதே சரி.

ஒத்தடம் பற்றி ஒரு வார்த்தை. சூடு தெரியாத கையில் வெந்நீர்ப் பையும், சூடான எண்ணெய்க் கிழியும் வைத்துத் தோல் வெந்துபோய் வருகிறார்கள். சுகரும் இருந்தால் அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும். எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை, சூட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

படுக்கைப்புண்ணுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதுதான் மருந்து. ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று திருப்பாமல் விட்டால் ஏர் பெட்டிலும் புண் வரும். முழுக்கப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. வளையம் போன்ற குஷன் வேண்டாம். தினம் குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால், பின்தலை ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்க்காதீர்கள், அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மாத்திரை டப்பா

வருகிற பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, ஏற்கெனவே ஒருமுறை வந்தவருக்கே திரும்ப வருவது. அப்படி வருகிறவர்களிடம் கேட்டால் அடிக்கடி கிடைக்கும் பதில், "பிரஷர் நார்மலாகிவிட்டது, அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டோம்." நார்மலாக இருப்பதே மாத்திரை எடுப்பதால்தான். விரதம், கல்யாண வீடு, சீட்டு தீர்ந்துபோனது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன லேகியம், இப்படித்தான் விட்டுப்போகிறது. பல் பிடுங்குவதற்காக, ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையை நிறுத்துவதும் இதில் சேரும். மருந்து எழுதியவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்.

பக்கவாதத்துக்குத் தள்ளுகிற காரணங்களில் பிரஷர்தான் முதல் இடம். சுகர், புகை, கொழுப்பு எல்லாம் அதற்குப் பின்னால்தான். மேல் அளவை 10 புள்ளி இறக்கினாலே ஆபத்து சுமார் கால்பங்கு குறைகிறது. மணிக்கட்டில் கட்டும் மெஷினை விட்டுவிட்டு மேல்கையில் கட்டுவது வாங்குங்கள். காபி, டீ, பீடி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபிறகு, கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க, காலை மாத்திரைக்கு முன்பு பாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. பக்கவாதம் வந்தவருக்கு நல்ல கையில் மட்டும் பார்க்க வேண்டும். வீட்டில் 135/85-ஐத் தொடர்ந்து தாண்டினால் அளவுகளைக் குறித்துவைத்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழம்பில் குறைத்துவிட்டு அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாட்டில் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். கல் உப்பும் இந்துப்பும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த உப்பு பக்கவாதத்தைக் குறைத்ததைச் சீனக் கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் சில வகைப் பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கும் அது ஆபத்து, கேட்காமல் மாற்றாதீர்கள்.

நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறது என்று சொல்லப்பட்டிருந்தால் அது தனிக் கதை. இதயத்தின் மேலறை ஒழுங்கின்றி நடுங்கினால் அங்கே ரத்தக்கட்டி உண்டாகி மூளைக்குப் போகும்; பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. இதற்கு ஆஸ்பிரின் போதாது. நம் ஊரில் சிறுவயது வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களும் நிறைய. அவர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மாத்திரைகளில் ஒன்றைவிட, அதே வேலையைச் செய்யும் பழைய வார்ஃபரினே மேல் என்று 2022-இல் வந்த ஆய்வில் தெரிந்தது. வார்ஃபரின் எடுப்பவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனை அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீரையை நிறுத்தத் தேவையில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்றில்லாமல் ஒரே அளவாக இருந்தால் போதும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைதான் ஆபத்து.

இளம்பெண்களுக்கு வருகிற இன்னொரு வகை உண்டு. மூளையிலிருந்து ரத்தம் வடியும் சிரைகள் அடைத்துக்கொள்வது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும், ஹார்மோன் மாத்திரை எடுக்கும்போதும் இதற்கு வாய்ப்பு கூடும். தொடர்ந்து கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்று தொடங்கும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் உள்ள வீடுகள் அதை விட்டுவிடுவது நல்லது. கோயில், விசேஷத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்குவதும் அப்படியே.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வந்து செய்வது அதில் உண்டு. பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். மாதாமாதம் மருந்துக்கடைச் செலவைப் பார்த்து மாத்திரையை விடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

பேச்சு

மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பேச்சு போகலாம், புத்தி போவதில்லை. காது மந்தம் போல நினைத்துக் கத்திப் பேசுகிறார்கள். குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சுகிறார்கள். இரண்டுமே அவரைக் குறுக்கிப்போடும். ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். "என்ன வேணும்?" என்பதைவிட "காபி வேணுமா?" எளிது. பத்து விநாடியாவது காத்திருங்கள். வார்த்தை வராதவர்களுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதும் பழகிய பாட்டின் வரியும் சில நேரம் தானாக வரும். அங்கிருந்து தொடங்கலாம்.

மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர் சிலர் தட்டில் இடது பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிடுவார்கள். பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள், அவர்கள் மூளைக்கு அந்தப் பாதி இல்லை. தட்டைத் திருப்பி வையுங்கள், இடப்பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள். காரணமே இல்லாமல் அழுதாலும் சிரித்தாலும் அது நோயின் ஒரு பகுதியாக இருக்கலாம். ஆனால் மூன்றில் ஒருவருக்கு உண்மையான மனச்சோர்வும் வருகிறது. பயிற்சிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதும், சாப்பாட்டை ஒதுக்குவதும் பிடிவாதமாகத்தான் வெளியே தெரியும். அதற்கு மருந்து உண்டு, கேளுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் கட்டிலருகே நின்று "எப்படி இருந்த மனுஷன்" என்று ஆரம்பித்தால், வெளியே கூட்டிக்கொண்டுபோய் டீ வாங்கிக் கொடுங்கள். அவருக்கு எல்லாம் கேட்கிறது.